கணையாழியும் களவும்

2010ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே கென்யா நாட்டுக்கு விடுமுறை கழிக்கச் சென்ற ஓர் ஆங்கில இளைஞர், தம் முதுகுப்பையைக் கண்ணை இமை காப்பது போலக் காத்துத் திரிந்தார். பையினுள்ளே ஒரு மோதிரம் இருந்தது. மூன்று வாரமளவாக எங்குச் சென்றாலும் அதனைச் சுமந்து சென்றதாகவும், அது தொலைந்திருந்தால் தம் பாடு திண்டாட்டமாகியிருக்கும் என்றும் பின்னர் அவரே தொலைக்காட்சியிற் சொன்னார். அவ்விளைஞர் பிரித்தானிய இளவரசர் வில்லியம். மோதிரம் அவருடைய காலஞ்சென்ற அன்னையார் டயானாவினுடையது. அதன் நடுவே பதித்த பன்னிரண்டு காரட் நீலக்கல்லோ நமது நாட்டுக் கல்.

நமது மண்ணிற் பிறந்த பொருள் என்பதனால் இங்கே சற்று நின்று செல்வோம். சப்ரகமுவப் பகுதியில் வயலின் கீழும் ஆற்றோரங்களிலும் குழி தோண்டுவோர், கல் கிடக்கும் சரளைப் படையைச் சிங்களத்திலே 'இல்லம்' என்பர். அச்சரளையை மூங்கிற் கூடைகளில் இட்டு நீரில் அரித்துக் கழுவியே நீலத்தைத் தேடுவர். நமக்கு இல்லம் என்றால் மனை. மனையறத்துக்கு அடையாளமான கல் இல்லத்திலிருந்து புறப்படுவது தற்செயலே ஆயினும் நினைக்க இனிக்கின்றது.

இந்த மோதிரத்தின் முதற் கதை வேறு. 1981ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் சாள்ஸ் இளவரசருக்கும் டயானாவுக்கும் மணம் நிச்சயமான செய்தி வெளியாயிற்று. அப்பொழுது காரட் என்னும் இலண்டன் நகை நிறுவனத்தார் காட்டிய மோதிரங்களிலிருந்து இதனைத் தெரிந்தெடுத்தவர் டயானாவே. நீலத்தைச் சுற்றிப் பதினான்கு வைரங்கள். பணமுள்ள எவரும் கடையிலே வாங்கக்கூடிய மோதிரத்தை இளவரசரின் மணமகள் அணிவதா என்று முணுமுணுத்தோரும் உண்டு. ஆக, ஒரே மோதிரம் முதன்முறை மணமகளே பார்த்துத் தெரிந்தது. மறுமுறை மணமகளின் கண்ணிற் படாமல் மறைத்துச் சுமக்கப்பட்டது.

இதனை ஏன் ஓர் இந்து இளைஞர் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதப் புகுந்தோம் என்று பெரியோர் வினவலாம். அண்மைக் காலமாக நம் உறுப்பினரிடையேயும் இவ்வழக்கம் புகுந்துவிட்டது. பெண்ணுக்குத் தெரியாமல் மோதிரம் வாங்குகின்றார்கள்; கடற்கரையிலோ உணவகத்திலோ எதிர்பாராத வேளையில் அதனை நீட்டுகின்றார்கள்; மறைவிலே நண்பர் படம் பிடிக்கின்றார். இளைஞருக்கு இஃது அன்பின் உச்சமாகத் தோன்றுகின்றது. மூத்தோரோ, "பெண்ணுக்குத் தெரியாமற் பெண் கேட்பதா?" என்று நகைக்கின்றார்கள். இரு சாராரும் இவ்வழக்கம் மேல்நாட்டில் தொன்றுதொட்டு வந்தது என்றே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்று பார்ப்பதே எமது நோக்கம்.

மணம் பேசியதற்கு மோதிரம் அடையாளமாவது உரோமரிடம் தெளிவாகக் காணப்படுகின்றது. கி. பி. 79ஆம் ஆண்டு வெசூவியசு எரிமலை வெடித்தபொழுது உயிர்நீத்த பிளினி என்னும் அறிஞர், தம் காலத்திலும் மணம் பேசிய பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரமே அனுப்பப்பட்டது என்று எழுதியுள்ளார். இரும்பு மோதிரம் என்றால் இன்று எந்தப் பெண் கையை நீட்டுவாள்! அடுத்த நூற்றாண்டிலே ஔலுசு கெல்லியுசு என்பவர், இடக்கையில் சுண்டுவிரலுக்கு அடுத்த விரலிலே மோதிரம் அணிவதற்குக் காரணம் கூறுகின்றார். அவ்விரலிலிருந்து இருதயத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு செல்வதை எகிப்தியர் பிணத்தை அறுத்துப் பார்த்துக் கண்டனராம். அப்படி ஒரு தனி நரம்பு இல்லை என்பது இன்று மருத்துவ மாணவர் எவருக்கும் தெரியும். விரல் மட்டும் மாறவில்லை.

உரோமர் மோதிரத்தை இரகசியமாகக் கொடுத்தாரல்லர். மணப்பேச்சு இரு குடும்பத்தாரின் உடன்படிக்கை. மோதிரம் அதன் அச்சாரம். கிறித்தவ சமயம் பரவிய பின்னரும் இந்நிலை நீடித்தது. 866ஆம் ஆண்டில் முதலாம் நிக்கலசு என்னும் பாப்பரசர் பல்கேரியருக்கு எழுதிய விடையிலே, மணமகன் மணமகளின் விரலில் மோதிரம் இடுவதையும், இரு தரப்பாரும் அழைத்த மக்கள் முன்னிலையிற் சீதன எழுத்துக் கொடுப்பதையும் அடுத்தடுத்துச் சொல்கின்றார். மோதிரம் என்றால் பக்கத்திலே சாட்சி உண்டு என்பதே பொருள்.

சாட்சி இல்லாத இடத்தில் மோதிரம் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதை இங்கிலாந்தின் சோல்சுபரி நகரப் பேராயர் றிச்சட் பூர் அறிந்திருந்தார். 1217ஆம் ஆண்டளவில் அவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். கோரைப்புல்லைத் திரித்தோ வேறு எதனாலோ மோதிரம் செய்து, விளையாட்டாக ஒரு பெண்ணின் விரலில் எவனும் இடலாகாது. விளையாடுவதாக எண்ணிக்கொண்டே அவன் மணத்தளையிற் சிக்கக்கூடும் என்பது கட்டளையின் கருத்து. புல் மோதிரத்தைக் காட்டி ஏமாற்றியவர்களும் ஏமாந்தவர்களும் ஊரிலே பலர் இருந்திராவிட்டால் ஒரு பேராயர் இதற்கெல்லாம் சட்டம் இயற்றியிருப்பாரா? அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன், 1215ஆம் ஆண்டில், உரோமாபுரியிற் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம் மறைவுத் திருமணங்களைத் தடுத்து, மணச் செய்தியைக் கோயிலிலே முன்கூட்டி அறிவித்தல் வேண்டும் என விதித்திருந்தது.

பிற்காலத்து ஐரோப்பாவிலே இரட்டை வளைய மோதிரம் ஒன்றிருந்தது. ஒன்றோடொன்று கோத்த இரு வளையங்களைப் பிரித்து, மணம் பேசிய ஆணும் பெண்ணும் ஆளுக்கொன்றாய் அணிந்துகொள்வர்; மணநாளில் இரண்டும் மீண்டும் ஒன்றாகும். சிலவற்றில் மூன்றாவது வளையமும் இருந்தது. அதனைச் சாட்சியாய் நின்றவர் வைத்திருப்பாராம். நகைவேலையிலே சாட்சிக்கும் ஓர் இடம் ஒதுக்கிய அந்தத் தட்டாரின் மதிநுட்பத்தை மெச்சாதிருக்க முடியவில்லை.

வைரம் எப்போது வந்தது? 1477ஆம் ஆண்டில் ஒஸ்திரிய இளவரசர் மக்சிமிலியன், பேகண்டி நாட்டு மேரியை மணந்தபொழுது வைர மோதிரம் கொடுத்தார் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அம்மணத்திற்குப் பொன் மோதிரமும் வைர மோதிரமும் வேண்டும் என முன்கூட்டியே அவருக்குக் கடிதமூலம் அறிவுறுத்தியிருந்தனர். அங்கும் மறைவு எதுவும் இல்லை. அந்நாளில் ஐரோப்பா கண்ட வைரங்கள் பெரும்பாலும் பாரத நாட்டிலிருந்தே சென்றன. 1720களில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும்வரை அது மன்னர்க்கும் பெருஞ்செல்வர்க்கும் மட்டுமே உரிய பொருளாயிருந்தது.

1867ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் முதல் வைரம் அகப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே சுரங்கங்கள் தோன்றி, வைரம் மலிந்து விலை சரியும் அச்சம் எழுந்தது. 1888ஆம் ஆண்டு டி பியர்ஸ் நிறுவனம் சுரங்கங்களை ஒரு கைக்குள் கொண்டுவந்து, சந்தைக்கு அளந்து விட்டது. எனினும் அளந்து விட்டால் மட்டும் போதாது. வாங்க ஆள் வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர் வைரத்தை மறந்தபொழுது, 1938ஆம் ஆண்டில் அயர் என்னும் அமெரிக்க விளம்பர நிறுவனத்தை டி பியர்ஸ் நாடிற்று. 1947ஆம் ஆண்டிலே அந்நிறுவனத்தின் எழுத்தாளர் பிரான்சிசு ஜெரெற்றி அம்மையார், வைரம் என்றென்றும் நிலைக்கும் என்னும் கருத்தமைந்த புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை எழுதினார். கோடிக்கணக்கானோரை மோதிரம் வாங்கச் செய்த அந்த அம்மையார் தம் வாழ்நாளில் திருமணமே செய்துகொள்ளவில்லை. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 23 மில்லியன் டொலராக இருந்த டி பியர்ஸின் மொத்த விற்பனை, 1979ஆம் ஆண்டில் 2,100 மில்லியன் டொலரைக் கடந்தது.

எல்லாவற்றையும் விளம்பரத்தின் தலையிற் கட்டிவிடுவதும் நியாயமாகாது. மாக்கரட் பிரினிக் என்னும் சட்ட அறிஞர் 1990ஆம் ஆண்டில் ஒரு நுட்பமான காரணத்தை எடுத்துக் காட்டினார். முற்காலத்து அமெரிக்காவில் மணப்பதாக வாக்களித்துக் கைவிட்டவன்மீது பெண் வழக்குத் தொடுத்து நட்டஈடு பெறலாம். 1935ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலம் இவ்வழக்கை ஒழித்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. சட்டம் கைவிட்ட பெண்ணுக்கு மோதிரமே பிணையாயிற்று என்பது அவர் துணிபு. சொல் தவறியவன் மோதிரத்தை இழப்பான். இரும்பு மோதிரம் பெற்ற உரோமப் பெண்ணும் வைரம் பெற்ற அமெரிக்கப் பெண்ணும் இந்த இடத்திலே ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள் என நினைக்கின்றோம்.

(நமது நாட்டிலே 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், மணவாக்கை மீறியதற்கு நட்டஈடு கோருவதை அனுமதிக்கின்றது, ஆனால் அவ்வாக்கு எழுத்திலே இருத்தல் வேண்டும் என்கின்றது. கடற்கரையில் நீட்டிய மோதிரம் எழுத்தாகாது. இதனை இளைஞரும், சிறப்பாக இளம் பெண்களும் நினைவில் வைத்தல் நன்று.)

இனி மறைவுக்கு வருவோம். பெண்ணை வியப்பில் ஆழ்த்துதல் வேண்டும் என்னும் எண்ணத்தை விளம்பரக்காரர் படைத்தார்கள் என்று சொல்லமாட்டோம். ஆயினும் அதன் பயனை அவர்கள் நன்கு கணக்கிட்டார்கள். டி பியர்ஸ் செய்வித்த ஆராய்ச்சிகளை எட்வேட் எப்ஸ்ரைன் என்னும் பத்திரிகையாளர் 1982ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். கணவன் வைர நகை வாங்கத் துணைக்கு அழைத்தால், தம் சிக்கன புத்தி தலைதூக்கி, வேண்டாம் எனத் தடுக்க நேரும் என்று பெண்கள் சிலர் அவ்வாராய்ச்சியிற் சொல்லியிருந்தனர். தெரியாமல் வாங்கி வந்தால் அந்தக் குற்றவுணர்வு இல்லை. மகிழ்ச்சி மட்டுமே மிஞ்சும். இதனைப் படித்தபொழுது எமக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. வீட்டுச் செலவை அறிந்த பெண்ணிடம் கேட்டால் அவள் சிறிய மோதிரத்தைச் சுட்டிக்காட்டுவாள். கேளாமல் வாங்குபவன் பெரியதை வாங்குவான். இரகசியத்தினால் மகிழ்பவள் மணமகள் மட்டுமல்லள், கடைக்காரரும் மகிழ்கின்றார்.

யப்பானின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. அங்கும் பெற்றோரே மணம் பேசுவர். 'யுயினோ' என்னும் சடங்கிலே இரு வீட்டாரும் மங்கலப் பொருள்களைப் பரிமாறி மணத்தை உறுதிசெய்வர். 1967ஆம் ஆண்டில் வைர விளம்பரம் அங்கே தொடங்கியபொழுது, மணமகளிரில் நூற்றுக்கு ஐவர்கூட வைர மோதிரம் பெறவில்லை. 1981ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு அறுபதின்மர் பெற்றனர். பதினான்கே ஆண்டுகள்! ஒரு வழக்கம் தொன்மையானது எனத் தோன்றுவதற்கு ஒரு தலைமுறை கூட வேண்டியதில்லை.

மேல்நாட்டுக் கதையை இவ்வளவில் நிறுத்தி, நம் வீட்டைப் பார்ப்போம். மறைவான காதல் தமிழருக்குப் புதியதன்று. களவு என்று அதற்கு இலக்கணமே வகுத்தவர் நாம். அந்தக் களவிலே யாருக்கு எது மறைவு? தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் அறிவர், தோழியும் அறிவாள். அறியாதவர் பெற்றோரும் ஊராருமே. இன்றைய மோதிரக் களவிலோ பெண்ணின் தாய்க்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், நண்பர் எல்லோருக்கும் தெரியும், நகைக்கடைச் சிப்பந்திக்கும் தெரியும். அறியாதவள் தலைவி ஒருத்தியே. களவு தலைகீழாகி விட்டது.

பழைய களவுக்கும் ஆபத்து இருந்தது. காதலர் சொற் பிறழ்தலும் மறுத்தலும் உலகிலே தோன்றிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியம் தரும் செய்தி. குறுந்தொகையிலே கபிலர் பாடிய தலைவி, தன்னை மணந்த நாளில் வேறு எவரும் அங்கில்லை, நீரிலே மீன் பார்த்து நின்ற ஒரு குருகுதான் இருந்தது என்று கலங்குகின்றாள். அந்தக் குருகு நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொல்லுமா?

சகுந்தலையின் நிலையும் அதுவே. துஷ்யந்தன் அவளைக் காட்டிலே காந்தருவ மணம் செய்து மோதிரத்தை அளித்துச் சென்றான். மோதிரம் நீரில் வீழ்ந்து மீனின் வயிற்றிற் புகுந்தது. அரசவையிலே அவள் வெறுங்கையுடன் நின்றாள். மகாபாரதத்திலே இந்த மோதிரம் இல்லை. அங்கே அசரீரி சாட்சி சொல்கின்றது. மோதிரத்தைக் கதையிற் புகுத்தியவர் மகாகவி காளிதாசர். மனிதர் சாட்சி இல்லாத மணத்தில் ஒரு பெண்ணின் மானம் முழுவதும் ஒரு சிறு பொன்வளையத்திலே தொங்குவதை அவர் நமக்குக் காட்டினார். அசோகவனத்திலே அநுமன் கொடுத்த கணையாழியும் இப்படி அடையாளமாகவே வந்தது. நம் காவியங்களில் மோதிரம் மணத்தைக் கேட்கும் வினா அன்று. முன்பே நிகழ்ந்ததற்குச் சான்று.

இதனைக் கேட்டு மூத்தோர், "பார்த்தீர்களா, நாம் சொன்னது சரி" என்று தலையசைக்கக் கூடும். சற்றுப் பொறுத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பொன்னுருக்கு வைபவத்தை எண்ணிப் பாருங்கள். நல்ல நாளில் மணமகன் வீட்டிலே நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பொன் நாணயத்தைச் சபையோருக்குக் காட்டி, எல்லோரும் பார்த்திருக்கப் பத்தர் அதனை உருக்குவார். அந்தப் பொன்னிலேதான் தாலி. கலப்பில்லை, மறைவில்லை. இதனைப் போன்ற வெளிப்படையான ஏற்பாட்டை நாம் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் மணமகள் எங்கே? அவள் தன் வீட்டில் இருப்பாள். பொன்னுருக்கிய பின் மணநாள்வரை இருவரும் சந்திப்பதும் இல்லை. அதற்கும் முன்னே, பேச்சுக்கால் நடந்தபொழுது தரகருக்குத் தெரிந்தது, அம்மானுக்குத் தெரிந்தது, சாதகம் பார்த்த சோதிடருக்குத் தெரிந்தது. பெண்ணிடம் வாய்திறந்து கேட்டவர் எத்தனை பேர்? கடைசியாகச் செய்தி அறிந்தவள் அவளே என்னும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய இருந்தன. ஆகவே, பெண்ணுக்குத் தெரியாமற் பெண் கேட்கும் இளைஞனைப் பார்த்து நகைக்கும் உரிமை எங்கள் தலைமுறைக்கு அவ்வளவாக இல்லை என்று ஒத்துக்கொள்கின்றோம். அவன் அதனை மேல்நாட்டாரிடமிருந்து மட்டும் கற்றான் என்பதும் ஐயமே.

கென்யாவுக்குச் சென்ற இளவரசரை மறந்துவிடவில்லை. 2010ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், மணச் செய்தி வெளியான அன்று, அவரும் கேற் மிடில்ரன் அவர்களும் தொலைக்காட்சிக்கு ஒரு பேட்டி அளித்தனர். மணத்தைப் பற்றித் தாங்கள் இருவரும் சில காலமாகவே பேசி வந்ததாகவும், எனவே அது பெரியதொரு வியப்பாக இருக்கவில்லை என்றும் இளவரசர் அதிலே சொன்னார். பையிலே மறைந்திருந்தது மோதிரமும் அதனை நீட்டும் வேளையுமே. வினாவும் விடையும் முன்னரே இருவர்க்கும் தெரிந்திருந்தன. செய்தித்தாள்கள் முதுகுப்பையைப் பெரிதாக எழுதிய அளவுக்கு இந்தச் சொல்லைப் பெரிதாக எழுதவில்லை.

நம் சங்கத்து இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு எம்மிடம் ஆலோசனைக்கு வந்தார். பெண்ணின் தங்கையைக் கொண்டு அவளுடைய பழைய மோதிரம் ஒன்றை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற்று, பத்தரிடம் கொடுத்து, படிப்படியாகப் பருத்துச் செல்லும் அவருடைய அளவுக்கோலிலே மாட்டிப் பார்த்திருக்கின்றார். நடுவே சிறிய நீலம் வைத்த மோதிரம் தயாராகிக்கொண்டிருந்தது. "பெண்ணுக்கு உம்மை மணக்கச் சம்மதமா?" என்று கேட்டோம். "அதைத்தானே ஐயா மோதிரத்தோடு கேட்கப் போகிறேன்" என்றார். ஒரு மண்டபம் நிறைய இரு வீட்டாரும் கூடியிருக்க, எல்லோர் கண்ணும் அவள்மேல் இருக்க, அவள் இல்லை என்று சொல்ல எண்ணினால் எவ்வாறு சொல்லுவாள் என்று மட்டும் திருப்பிக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

இரண்டு கிழமைகளின் பின் மீண்டும் வந்தார். மண்டபத்தைக் கைவிட்டு, ஒரு பிற்பகல் கோயில் வீதியிலே இருவரும் நடந்தபொழுது மோதிரமின்றியே கேட்டுவிட்டாராம். அவள் யோசிக்க நான்கு நாள் கேட்டாள். ஐந்தாம் நாள் சம்மதம் சொன்னாள். மோதிரத்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. தைப்பொங்கலன்று அதனைக் கொடுத்தபொழுது அவள் உண்மையாகவே வியந்து நின்றாளாம். ஆனால் மோதிரம் விரலின் கணுவைத் தாண்டி ஏறவில்லை. தங்கை எடுத்துக் கொடுத்தது அக்காள் சிறுவயதில் அணிந்த மோதிரம்! மறுநாள் இருவருமாகவே பத்தரிடம் சென்றார்கள். பத்தர் அளவுக்கோலை ஒருபுறம் வைத்துவிட்டு, அவளுடைய விரலிலே நூலைச் சுற்றி அளவெடுத்துக்கொண்டு, பொன்னுருக்குக்கு நாள் வைத்தாயிற்றா என்று விசாரித்தார்.